வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்டப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனே,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் கிதார் ஆம்ப்ளிஃபையர், 5எஃப்1 என்ற மாடல். நல்ல தேர்வுதான். 1950களின் பிற்பாதியில் கலிஃபோர்னியாவில் கிதார் பழகுகிறவர்களுக்கென்று செய்து விற்ற சின்னப் பெட்டி அது. மூன்றே வால்வு (கண்ணாடிக் குழாய்), சுமார் 5 வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர். 12ஏஎக்ஸ்7 கிதார் சிக்னலைப் பெருக்கும், 6வி6 ஸ்பீக்கரை ஓட்டும், 5ஒய்3 ஏசியை டிசியாக்கும். முதல்முறை கட்டுகிறவனுக்கு இதைவிட எளிதாக வேறொன்று அமையாது. ஆனால் அதை வரைந்த ஊரில் 120 வோல்ட் கரண்ட். நீ இருப்பது தங்கச்சிமடத்தில், இரண்டு பக்கமும் கடல். சர்க்யூட்டில் கை வைக்காதே, சாமான்களை மட்டும் நம் ஊருக்குத் தக்கபடி மாற்று. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எதை, எப்படி என்பதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

டிரான்ஸ்பார்மரில் தொடங்கு. அமெரிக்காவிலிருந்து கிட் வரவழைக்கலாம் என்று எழுதியிருந்தாய். அதில் வருவது 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் சுற்றியதாக இருந்தால், இங்கே 50 ஹெர்ட்ஸில் கோர் (நடுவிலுள்ள இரும்பு) திணறிச் சூடேறும். நடுவில் ஸ்டெப் டவுன் வைத்தால் வோல்ட்தான் குறையுமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் வைண்டிங் கடையில் கொடுத்துச் சுற்றிக்கொள். பிரைமரி (கரண்ட் உள்ளே வரும் சுற்று) 230 வோல்ட். செகண்டரி (வெளியே கொடுக்கும் சுற்று) 325-0-325 வோல்ட், 80 மில்லி ஆம்பியர். 6.3 வோல்ட் 2 ஆம்பியர், நடு டேப்போடு (சுற்றின் நடுவிலிருந்து எடுத்த வயர்). 5 வோல்ட் 2 ஆம்பியர், தனியாக. ஐந்து வோல்ட்தானே என்று அந்தக் கடைசிச் சுற்றை அசட்டையாக விட்டுவிடுவார்கள். அதன் மேல்தான் முழு ஹை வோல்டேஜும் ஏறி நிற்கும், ஆகவே பேப்பர் கூடுதலாகப் போடச் சொல். சுற்றி முடித்ததும் வார்னிஷில் நன்றாக முக்கி, சூட்டில் உலர்த்தித் தர வேண்டும். மேலாகப் பிரஷ்ஷால் தடவிக் கொடுத்தால் வாங்காதே. வாடைக் காற்று நாளில் ஈரம் உள்ளே போனால் செம்புக் கம்பி களிம்பேறி அறுந்துவிடும்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு நீயே பக்கத்தில் நின்று பார். ஸ்டாம்பிங், அதாவது ஆங்கில E, I வடிவ இரும்புத் தகடுகளை, அடுக்குகிற கை பழக்கத்தில் ஒரு ஈ இந்தப் பக்கம், ஒரு ஈ அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செருகும். பவர் டிரான்ஸ்பார்மருக்கு அது சரி. இங்கே ஒற்றை 6வி6 வழியாக 40 மில்லி ஆம்பியர் போல டிசி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றிச் செருகினால் அந்த டிசியிலேயே கோர் நிறைந்துபோய், தடித்த கம்பிகளின் சத்தம் காணாமல் போகும். ஆகவே ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவே ஒரு மெல்லிய காகிதம். பிரைமரி 5000 ஓம், ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் சுற்று விகிதம் சுமார் 35க்கு 1. இதைத் தாளில் எழுதிக் கொடு. வாயால் சொன்னால் பத்துப் பேர் வந்துபோகும் கடையில் மறந்துபோகும்.

அடுத்து போர்டு. பழைய ஃபெண்டரில் மெழுகில் தோய்த்த கறுப்பு நார் அட்டையில்தான் எல்லாம் கோத்திருக்கும். அசல் மாதிரியே வேண்டும் என்று அதையே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் கரையில் அது வேண்டாத வேலை. அந்த அட்டை ஈரம் குடிக்கும், ஈரம் குடித்தால் லேசாகக் கரண்ட் கடத்தும். வால்வின் பிளேட் (ஹை வோல்டேஜ் வரும் முனை) பக்கத்திலிருக்கும் 200, 300 வோல்ட்டில் ஒரு துளி அட்டை வழியாகவே கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) ஊர்ந்து வந்தால் போதும், கரகரப்பு தொடங்கும், பையஸ் (வால்வில் ஓடும் கரண்டை அளவோடு வைக்கும் வோல்ட்) நழுவும், 6வி6 பிளேட் சிவந்துவிடும். சோதிக்க ஒரு வழி உண்டு. மீட்டரை டிசியில் வைத்து, கறுப்பு முனையைச் சேஸியில் (எல்லாவற்றையும் பொருத்தும் உலோகத் தட்டு) மாட்டி, சிவப்பு முனையை இரண்டு இணைப்பு முனைகளுக்கு நடுவே வெறும் அட்டை மேல் அழுத்து. சில வோல்ட் காட்டினால் அந்த அட்டை கெட்டது. நீ கிளாஸ் எபாக்ஸி போர்டே போடு. அழகு குறைந்தாலும் பரவாயில்லை, யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

சேஸி அலுமினியத்தில் செய். இரும்பு நம்மிடம் எத்தனை நாள் தாங்கும் என்று உனக்கே தெரியும். அலுமினியத்திலும் எர்த் போல்ட் அடியில் வெள்ளைப் பொடி பூத்து இணைப்பு விட்டுப்போகும், உடனே ஹம் (உறுமல் சத்தம்) வந்துவிடும். உலோகத்தை உரசிப் பளபளப்பாக்கி, பல் வாஷர் போட்டு முறுக்கி, வல்லத்தில் பேட்டரி முனைக்குச் செய்கிற மாதிரி மேலே கிரீஸ் தடவிவிடு.

பழைய வரைபடத்தில் கரண்ட் வயர் இரண்டுதான். நீ மூன்று பின் போட்டே ஆக வேண்டும், எர்த் நேராகச் சேஸிக்கு. அதற்கு முன்னால் உன் வீட்டுச் சுவரில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒயர்மேனை விட்டுச் சோதி. மணலில் இறக்கிய பைப் உப்பில் இற்றுப்போயிருக்கும், மேலே பிளக் மட்டும் மூன்று துவாரத்தோடு சிரிக்கும். கிதார் கம்பியில் உன் விரல், மைக்கில் உன் உதடு. இதில் சமாதானமே கிடையாது.

கண்டன்சர் வரைபடத்தில் 16, 8, 8 மைக்ரோ பாரட். அளவு அப்படியே இருக்கட்டும், 500 வோல்ட் தாங்குவதாகப் பார்த்து வாங்கு. 5ஒய்3 சட்டென்று சூடாகிவிடும், 6வி6 ஆற அமரத்தான் சூடாகும். நடுவிலுள்ள அந்தச் சில நொடி எடுப்பாரில்லாமல் வோல்டேஜ் 450ஐத் தொட்டுவிடும். முதல் கண்டன்சரிலிருந்து சேஸிக்கு 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடு. அணைத்த பிறகு தேங்கி நிற்பதை அது வடித்துவிடும். அப்போதும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே விரல் விடாதே. ஓடும்போது அளக்க வேண்டுமானால் இடது கை சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.

வால்வு கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸே செய்தது, 'பெல்' என்று அச்சடித்த ஈசிசி83 இன்னும் பழைய கடை டப்பாக்களில் கிடக்கும். 12ஏஎக்ஸ்7 என்பதும் அதுவும் ஒன்றுதான். புதிது வேண்டுமென்றால் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே போதும். தயவுசெய்து பாட்டி வீட்டு ரேடியோவைப் பிரிக்காதே. இந்தக் கரையில் இலங்கை வானொலி கேட்கவே வாங்கிய பெட்டி அது, பாடுகிற வரை பாடட்டும். அப்புறம், வால்வுகளில் 'யு' என்று தொடங்கும் ஏசி/டிசி ரேடியோ எதன் சேஸியையும் தொட்டுவிடாதே. சேஸியிலேயே கரண்ட் நிற்கும்.

ஹீட்டர் வயரை (வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் வயர்) முறுக்கி ஓரமாகக் கொண்டுபோ, நடு டேப்பைச் சேஸியில் கட்டு. ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் சுவிட்சைப் போடாதே, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். முதல்முறை போடும்போது 6வி6 கேத்தோடிலுள்ள (வால்வைச் சேஸியோடு இணைக்கும் முனை) 470 ஓம் ரெசிஸ்டரில் அளந்து பார். 19 வோல்ட் பக்கம் வந்தால் 40 மில்லி ஆம்பியர், சரியாக ஓடுகிறது. ராத்திரியில் உங்கள் தெருவில் 250 வோல்ட் ஏறும்போது இன்னொரு தரம் அள. அதிகமாகத் தெரிந்தால் 560 ஓமாக மாற்று.

5 வாட் கோவிலுக்குப் போதுமா என்கிறாய். பாடகர் குழுவுக்குத் தாராளம். திருவிழாவுக்கு மைக் செட்காரரிடம் ஒரு மைக் வாங்கி ஸ்பீக்கர் முன்னால் வை. பெரிய ஆம்ப் தேடிப் போகாதே. சின்ன ஆம்பை முழுதாகத் திறந்து, நீ பலமாக ஒரு கார்டு அடித்தால், வால்வுகள் அதற்கு மேல் தாங்காமல் சத்தம் அமுங்கி, பிறகு மெல்ல மேலே ஏறி வரும். நீ போனில் அனுப்பிய பாட்டில் உனக்குப் பிடித்திருந்தது அந்த அமுங்கல்தான். 50 வாட் பெட்டியை அந்த அளவுக்குத் திறந்தால் பங்குச் சாமியார் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்.

வைண்டிங் கடைக்கு என்றைக்குப் போகிறாய் என்று முந்தின நாளே போன் செய். ஸ்டாம்பிங் அடுக்கும்போது நானும் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
மாமா