பார்மசியில் அம்மாவுக்கு உதவிய அக்காவுக்கு நன்றி

ஈஸ்டருக்கு முந்தின வியாழன் மாலை, லண்டன் ஈஸ்ட் ஹாம் பார்மசி ஒன்றில் என் அம்மாவுக்காகப் பேசிய அக்காவுக்கு இந்தப் பதிவு. உங்கள் பெயரைக் கேட்க அம்மாவுக்கு அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லையாம்.

பிரஷர் மாத்திரை முடியப் போகிறது, சர்ஜரியிலிருந்து (குடும்ப டாக்டரின் கிளினிக்) மருந்துச் சீட்டு இன்னும் வரவில்லை என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள், வெள்ளி முதல் திங்கள் வரை சர்ஜரி பூட்டு. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. நீங்கள்தான் பார்மசிஸ்ட்டைக் கூப்பிட்டு, அவசரத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். அவரும் பழைய பதிவைப் பார்த்து, அம்மாவிடம் விசாரித்து, சில நாளுக்கு மாத்திரை கொடுத்தார். இப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது!

அதோடு போய்விடாமல், சீட்டின் வலப்பக்கத் துண்டில் வேண்டிய மருந்துக்கு டிக் போட்டு சர்ஜரி பெட்டியில் போடலாம், என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஆப்பிலும் கேட்கலாம், சீட்டு தயாராகச் சில வேலை நாள் ஆகும், சனி ஞாயிறும் பேங்க் ஹாலிடேயும் (அரசு விடுமுறை) அந்தக் கணக்கில் வராது, அதனால் ஒரு வாரம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், பார்மசி பூட்டியிருந்தால் என்எச்எஸ் உதவி எண் 111-ஐக் கூப்பிடுங்கள் என்று பொறுமையாகத் தமிழில் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அம்மா அப்படியே ஒப்பிக்கிறார்.

மிக்க நன்றி அக்கா. இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள், அம்மா உங்களோடு பேச வேண்டுமாம்.