கண்தான ஸ்டாலில் உட்கார்ந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி புத்தகக் காட்சியில் ஸ்டாலை மூடும்போது, கையெழுத்தான படிவங்களை இரண்டு தடவை எண்ணினாய். 11. "இவ்வளவு கூட்டத்துல இவ்வளவுதானாக்கா?" என்றாய். நந்தனத்தில் பஸ் பிடிக்கிற அவசரத்தில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

என் அப்பாவும் எழுதிக்கொடுத்தவர்தான், இதே மாதிரி ஒரு பொருட்காட்சி ஸ்டாலில். அட்டையை பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவே வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பென்ஷன் காகிதம் தேடும்போதுதான் என் கையில் அகப்பட்டது. எப்போதும் போல அடியில் ஒரு கோடு இழுத்த கையெழுத்து. இறந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் படிவம் நிரப்புகிறவர்களிடம் "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று விடாமல் கேட்கிறேன். அட்டை இருந்தாலும் குடும்பத்தார் சம்மதித்தால்தான் எடுப்பார்கள். அட்டையே இல்லாவிட்டாலும் அவர்கள் மனது வைத்தால் கொடுக்கலாம்.

சாயங்காலம் ஒரு பாட்டி வந்தார்களே, "புரை ஆபரேஷன் ஆயிடுச்சு, சர்க்கரை வேற. என் கண்ணு யாருக்குப்பா உதவும்?" என்று. நீ அழகாகச் சொன்னாய்: புரைக்கு மாற்றுவது உள்ளே இருக்கும் லென்ஸ், நாம் கேட்பது முன்னால் இருக்கிற கருவிழி, வயசும் சர்க்கரையும் தடை இல்லை. அப்புறம் குரலை இறக்கி, "அடுத்த பிறவியில கண்ணில்லாம பொறந்துடுவேனா?" என்றார்கள். நீ சிரித்துவிட்டாய். கேலியாக இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் பாட்டியின் முகம் சுருங்கிப்போனது. அந்தக் கேள்விக்கு மட்டும் சிரிக்காதே தம்பி. தன் சாவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

நான் கண்ணப்பரைச் சொன்னேன். கண்ணைக் கொடுக்க வந்தவனைச் சாமி தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்ட கதை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பாட்டி படிவம் எழுதவில்லை. "என் பையன்கிட்ட காட்டணும்" என்று நோட்டீஸ் ஒன்றை வாங்கி, நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்கள். உன் 11-இல் அவர்கள் இல்லை. எனக்கு நேற்றைய நாளில் அதுதான் பெரிய காரியம்.

ஞாயிற்றுக்கிழமை நீ தனியாக இருப்பாய். படிவக் கட்டை ஓரமாக வை. மேஜைக்கு முன்னால் இதை ஒட்டு: உடனே கண் வங்கிக்கு போன். ஃபேனை நிறுத்தணும். இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு. தலைக்குத் தலையணை. வீட்டுக்கே வருவார்கள், 20 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும், முகம் மாறாது.

போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுது. பாட்டிக்குப் பக்கத்து வரிசையிலிருந்தே தெரிய வேண்டும்.

அன்புடன்,
அக்கா