எடிட்டருக்கு எழுதும் சின்ன ஸ்கிரிப்டுக்கும் டைப் வேண்டும்: கிழக்கின் ஐ.சி.டி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஐ.சி.டி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிற சேர்மார், மிஸ்மார் எல்லோருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் பிள்ளைகள் விஎஸ் கோடு, நியோவிம் போன்ற எடிட்டர்களுக்கு (கோடு எழுதும் மென்பொருள்களுக்கு) ஒரு பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், எழுதினால், அல்லது நூறு ஃபைலை ஒரே நேரத்தில் திருத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால், அதை டைப் உள்ள மொழியில் எழுதப் பழக்குங்கள். டைப் என்பது ஒரு மதிப்பு எண்ணா, ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடரா) என்று கோடிலேயே அறிவித்து வைப்பது. டைப்ஸ்கிரிப்ட் (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) நல்லது. பைதான்தான் தெரியும் என்றால் டைப் குறிப்புகளோடு பைதான், கூடவே அதைச் சரிபார்க்க மைபை என்ற கருவி. "அதெல்லாம் பெரிய மென்பொருளுக்குத்தான், இந்தச் சின்ன ஸ்கிரிப்டுக்கு எதற்கு" என்று வகுப்புகளில் சொல்லப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரானது, சின்ன ஸ்கிரிப்டுக்குத்தான் டைப் அதிகம் தேவை.

பெரிய மென்பொருளைச் சோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள், பிழை வந்தால் முறையிடப் பாவனையாளர்கள் இருக்கிறார்கள். எடிட்டர் பிளகினை எழுதுகிறவர் ஒருவர், சோதிக்கிறவரும் அவரே, அவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போய்விட்டால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் ஊரில் யாருமில்லை, ஆனால் பிளகின் மட்டும் தினமும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி ஆள் போன பிறகு அந்தக் கோடில் எஞ்சுகிற ஒரே விளக்கம் அதில் எழுதிய டைப்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பக்கத்து அச்சகங்களில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பழைய ஃபைல்கள் இன்றைக்கும் நிறையக் கிடக்கின்றன. கோயில் மலர், பாடசாலை மலர், நினைவு மலர் என்று எத்தனையோ. அவற்றை யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு மாற்ற ஓர் அச்சகத்தில் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சின்ன எடிட்டர் பிளகின் ஒன்றைப் பாவிக்கிறார்கள். ஒரு பெரிய அட்டவணை, இந்த விசைக்கு இந்த எழுத்து என்று. அந்த அட்டவணையில் 'ஸ்ரீ' விடுபட்டுப் போயிருந்தது. அட்டவணையில் இல்லாததைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது, கத்தாது, 'அன்டிஃபைன்ட்' (வரையறுக்கப்படாதது) என்ற மதிப்பைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும், அதை ஒரு ஸ்ட்ரிங்கோடு ஒட்டினால் அந்த ஆங்கிலச் சொல்லாகவே ஒட்டிக்கொள்ளும். ஆலயங்களின் பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'ஸ்ரீ' இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல் வந்து நின்றது. ப்ரூஃப் பார்ப்பதற்குள் சில பக்கங்கள் அச்சாகியும் விட்டன.

இதே ஃபங்ஷனை டைப்ஸ்கிரிப்டில் எழுதி, திருப்பித் தருவது ஸ்ட்ரிங் என்று அறிவித்து, ஸ்ட்ரிக்ட் முறையையும் (கண்டிப்பாகச் சரிபார்க்கும் அமைப்பை) இயக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இப்படியான அட்டவணையை வைக்கிற ஒரு 'மேப்'பிலிருந்து எடுக்கிற மதிப்பு ஸ்ட்ரிங்காகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம் என்று கோடைச் சரிபார்க்கிற கம்பைலருக்குத் தெரியும். அதை அப்படியே திருப்பித் தர அது விடாது. எழுதுகிற நேரத்திலேயே சிவப்புக் கோடு விழும், இல்லாத எழுத்து வந்தால் என்ன செய்வது என்று எழுதின பிள்ளை அங்கேயே யோசித்தாக வேண்டும். (மேப்புக்குப் பதிலாகச் சாதாரண ஆப்ஜெக்ட் பாவித்தால் ஸ்ட்ரிக்ட் முறை மட்டும் இதைப் பிடிக்காது, அதற்கென்று இன்னொரு அமைப்பையும் இயக்க வேண்டும். இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் டைப்பை நம்பி ஏமாந்துபோவார்கள்.)

இதைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது, அது தமிழில் வேலை செய்கிற நமக்கு மிக நெருக்கமானது. எடிட்டர் பிளகின் என்றாலே பாதி வேலை 'இந்த வரியில் எத்தனையாவது இடம்' என்று கணக்குப் பார்ப்பதுதான். 'மட்டக்களப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 8 எழுத்து. யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் 12, ஏனென்றால் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், ஆக மொத்தம் 36 பைட். விஎஸ் கோடு யூடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையின் அலகில் எண்ணுகிறது, அதற்கு 12. நியோவிம் ஒரு வரிக்குள் எழுத்தை மாற்றுகிற இடங்களில் பைட்டில் எண்ணுகிறது, அதற்கு 36. எடிட்டரும் மொழிச் சேவையகமும் (கோடைச் சரிபார்த்து எடிட்டருக்குச் சொல்லும் நிரல்) பேசிக்கொள்கிற எல்எஸ்பி நெறிமுறையில் இடத்தைச் சொல்வது வழக்கமாக யூடிஎஃப்-16இல். 2022இல் வந்த 3.17 பதிப்பில்தான், இருவரும் ஒத்துக்கொண்டால் யூடிஎஃப்-8ஐயும் பாவிக்கலாம் என்று வந்தது.

ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிற பிள்ளைக்கு இவை எல்லாமே ஒரே எண்ணாகத் தெரியும். பிளகின் அருமையாக வேலை செய்யும். தமிழ் ஃபைலைத் திறந்த அன்றைக்குத்தான் எழுத்து நடுவால் வெட்டுப்படும், கொம்பு தனியே நிற்கும், கேர்சர் வேறு எங்கோ போய் நிற்கும்.

எல்லாவற்றையும் 'நம்பர்' என்று மட்டும் அறிவித்தால் டைப்ஸ்கிரிப்டும் இதைப் பிடிக்காது, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பைட் இடம் ஒரு டைப், யூடிஎஃப்-16 இடம் இன்னொரு டைப் என்று நாமே பிரித்து வைக்க வேண்டும். ரஸ்ட் மொழியில் இதற்கு ஒரு வரி போதும், டைப்ஸ்கிரிப்டில் முத்திரை குத்திய டைப் என்று ஒரு வழி இருக்கிறது, பைதானில் நியூடைப் இருக்கிறது. பிரித்த பிறகு ஒன்றின் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் சரிபார்க்கிற கருவி மறுத்துவிடும். பாமினி மாற்றிக்கும் இதே வழி பொருந்தும். பாமினித் தமிழ் உள்ளுக்குள் வெறும் ஆங்கில விசை எழுத்துகள்தான், ஆகவே ஏற்கெனவே மாற்றி முடித்த யூனிகோடு ஃபைலை இன்னொரு முறை ஓட்டினால் அதிலுள்ள ஆங்கிலச் சொற்கள், மின்னஞ்சல் முகவரிகள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். 'பாமினி உரை', 'யூனிகோடு உரை' என்று இரண்டு டைப் வைத்தால் கோடின் உள்ளே எங்கேயும் இரண்டாம் தடவை மாற்றவே முடியாது. இதை ஒரு பாடவேளையில் படிப்பித்து முடிக்கலாம் சேர், பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்த்த பிழை இது.

இன்னொன்று. சாதாரண தரத்தில் பாஸ்கல் படிப்பிக்கும்போது நீங்களே மாறி ஒவ்வொன்றையும் இன்டிஜர், ரியல் என்று அறிவிக்க வைத்தீர்கள். உயர்தரத்தில் பைதானுக்கு வந்ததும் அந்தப் பழக்கம் அப்படியே கைவிடப்படுகிறது. கைவிடத் தேவையில்லை. 2015இல் வந்த பைதான் 3.5 முதல் டைப் குறிப்புகள் மொழியிலேயே இருக்கின்றன, ஃபங்ஷனின் முதல் வரியில் நாலு சொல் கூட எழுதினால் போதும்.

தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இதில் தனியான நன்மை ஒன்றும் உண்டு. நீளமான ஆங்கில விளக்கப் பக்கங்களை வாசித்து விளங்கிக்கொள்வது அவர்களில் பலருக்குக் கஷ்டம். விஎஸ் கோடில் நீட்சிகள் (பிளகின்கள்) பாவிக்கிற முழு இடைமுகமும் ஒரே டைப் ஃபைலில் எழுதப்பட்டிருக்கிறது. புள்ளியைத் தட்டினால் அங்கே என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் வரும், எதைக் கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்பதும் வரும். வாக்கியங்களைவிட அந்த ஒரு வரியை அவர்கள் கெதியாக விளங்கிக்கொள்கிறார்கள். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும், அது உண்மை, டைப்ஸ்கிரிப்டின் செய்திகள் ஜப்பானியத்திலும் துருக்கியத்திலும் கிடைக்கின்றன, தமிழில் இல்லை. அடிக்கடி வருகிற செய்திகளைத் தமிழில் எழுதி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டினாலே பெரிய உதவி.

"பழைய கணினிகள், கம்பைல் செய்ய நேரம் போகும்" என்ற மறுப்பு வரும் என்று தெரியும். கம்பைல் செய்யாமலும் முடியும். ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலின் தலையில் ஒரு வரிக் குறிப்புப் போட்டால் விஎஸ் கோடே அதைச் சரிபார்க்கத் தொடங்கிவிடும், டைப்பைக் கொமென்டில் எழுதலாம். நியோவிமுக்கு லுவா மொழியில் எழுதுகிறவர்களும் அப்படியே கொமென்டில் டைப் எழுதி லுவா மொழிச் சேவையகத்தால் சரிபார்க்கிறார்கள். நியோவிமுக்கு மூலமான விம் எடிட்டரின் சொந்த ஸ்கிரிப்ட் மொழிக்கே 2022 ஜூனில் வந்த விம் 9 டைப்பைக் கொண்டுவந்தது, கூடவே வேகமும் கூடியது. ஸெட் எடிட்டரின் நீட்சிகள் ரஸ்ட்டில் எழுதி வெப்அசெம்பிளி என்ற வடிவத்துக்கு மாற்றப்படுகின்றன. எடிட்டர்களைச் செய்கிறவர்களே இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறார்கள்.

டைப் அறிவிக்காமலே எழுதுகிற ஈமேக்ஸ் எடிட்டர்காரர்கள் கோபிக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கிற எடிட்டரையே உள்ளிருந்து மாற்றி மாற்றிப் பார்க்கிற சுகம் ஈமேக்ஸ் லிஸ்ப்பில் இருக்கிறது, ஐந்து வரி அமைப்புக்கு டைப் கேட்டு யாரையும் வதைக்கவும் நான் சொல்லவில்லை. இன்னொருவர் கைக்குப் போகப்போகிற கோடைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வந்தாறுமூலை, சம்மாந்துறை பல்கலைக்கழக வளாகங்களில் கணினி படிப்பிக்கிற விரிவுரையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். தமிழ் உரைக்கான எடிட்டர் பிளகின்களை, அதாவது பாமினி மாற்றி, சொற்பிழை காட்டி, எழுத்தெண்ணி போன்றவற்றை, மாணவர் செயற்றிட்டமாக ஏற்றுக்கொள்ளுங்கள். புள்ளி போடும்போது டைப் எழுதியிருக்கிறதா, தமிழ் உரையில் சோதித்திருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள்.

கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ ஏதாவதொரு பாடசாலை ஆய்வுகூடத்தைச் சனிக்கிழமை காலை திறந்து தந்தால், பாமினி மாற்றியை டைப்ஸ்கிரிப்டில் முதல் வரியிலிருந்து பிள்ளைகளோடு சேர்ந்து எழுத நான் வருகிறேன். சம்பளம் எதுவும் வேண்டாம். கணினியில் விஎஸ் கோடும் நோடும் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) முன்கூட்டியே நிறுவி வைத்தால் போதும், அன்றைக்கு இணையம் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

இப்படிக்கு,
காரைதீவிலிருந்து ஒரு நிரலாளர்