மலைக்கு இரண்டு பக்கம், பலகை ஒன்று: தரம் 9, 10 பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம்.

இந்தத் தவணை நமது தரம் 9, 10 பிள்ளைகள் பண்டாரவளைப் பக்கத்தில் உள்ள ஒரு பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு செயற்றிட்டம் செய்யப்போகிறார்கள். ஹட்டனில் இருக்கும் பிள்ளையும் பண்டாரவளையில் இருக்கும் பிள்ளையும் வாராவாரம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார முடியாது. அதனால் இணையத்தில் திறக்கும் ஒரு வெண்பலகையில் சேர்ந்து எழுதுவார்கள், வரைவார்கள். அதற்காக வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாலையில் உங்கள் போன் அரை மணி நேரம் பிள்ளையின் கையில் இருக்க வேண்டிவரும். "மறுபடியும் போனா?" என்று பலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அறிவித்தல் போடாமல் இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் அந்தப் பலகை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோயில் மண்டபத்தில் பெரிய தாள் ஒன்றை விரித்து, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு மூலையில் வரைவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இணையத்தில் இருக்கிறது, அதற்கு ஓரமே இல்லை. ஒரு பிள்ளை கோடு போட்டால் மற்றவர்களுக்கும் அப்போதே தெரியும். இரவு போட்டதை மறுநாள் காலையில் வந்து பார்க்கலாம், பக்கத்தில் பதில் எழுதலாம். கம்பனிகளில் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நாட்டில் இருப்பவர்கள் சேர்ந்து திட்டம் போடுவதற்கு மிரோ, மியூரல், ஃபிக்ஜாம் போன்ற பலகைகளைப் பயன்படுத்துகிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் உங்கள் மூத்த பிள்ளைகள் சிலருக்கு இது பழகிய விஷயமாகவே இருக்கும். நாங்கள் எடுத்திருப்பது எக்ஸ்காலிட்ரா என்ற பலகை. அதற்குக் காசு இல்லை, செயலி எதுவும் இறக்கத் தேவையில்லை, மின்னஞ்சல் முகவரி கொடுத்துக் கணக்குத் திறக்கவும் வேண்டாம். ஆசிரியர் அனுப்பும் இணைப்பைத் தொட்டால் பலகை திறக்கும்.

சரி, பலகையில் என்ன செய்யப்போகிறார்கள்?

மழையை அளக்கப்போகிறார்கள். நமது பக்கத்துக்குத் தென்மேல் பருவமழை மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை கொட்டும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளை இருக்கும் ஊவாவில், காய்ந்த காற்று வீசும். ஜூலைக்குப் பிறகு வரும் அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன வாசம் ஏறுகிறது. நமது பக்கத்துத் தேயிலைக்கு அந்த நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது வடகீழ்ப் பருவமழையின் ஈரம் அவர்கள் பக்கமே தங்கிவிடுகிறது. கொழுந்து எடுக்கும் உங்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கத்தில் தெரிந்ததுதான். பிள்ளைகளோ புவியியல் புத்தகத்தில் பருவக்காற்று என்று இரண்டு பந்தி மனப்பாடம் செய்துவிட்டுப் பரீட்சை எழுதப் போய்விடுகிறார்கள். ஒரே மலைத்தொடரின் இரண்டு சரிவிலும் ஒரே காலையில் அளந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

மழை அளவி செய்வது எளிது. பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனல்போல் வைத்து, அடியில் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, பூச்சியக் கோடு வரை நீர் ஊற்றி, மில்லிமீற்றர் கோடு ஒட்டினால் போதும். வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கெடுக்கிறது. நாங்களும் அதே நேரத்தையே வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பாடசாலை முற்றத்து அளவியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள். மாலையில் பலகையில் உள்ள வரைபடத்தில் அந்த எண்ணைப் பதிவார்கள்.

மழைக்கு அடுத்தது மண். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நமது மலைநாட்டை என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்த மண்சரிவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள். மண்சரிவைப் பற்றிப் பயம் மட்டும் இருந்து அறிவு இல்லாமல் ஒரு பிள்ளை இந்த மலையில் வளரக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது அதன் பொதுவான அளவுகோல். தான் அளந்த எண்ணைத் தானே அந்த நிறத்தில் தீட்டிய பிள்ளைக்கு, வானொலியில் வரும் எச்சரிக்கை வெறும் சத்தமாகக் கேட்காது.

இந்த இடத்தில்தான் உங்கள் உதவி எனக்குப் பெரிதாகத் தேவைப்படுகிறது. லய வீடுகளுக்கு மேலே பழைய தண்ணீர்க் கான் எங்கே ஓடியது, எது தூர்ந்துபோய்க் கிடக்கிறது, எந்த இடத்தில் மழைக்குப் பிறகு புது ஊற்று கிளம்புகிறது, எந்த மரம் முன்பைவிடச் சாய்ந்து நிற்கிறது, எந்தப் படிக்கட்டில் வெடிப்பு அகலமாகிறது என்பதெல்லாம் உங்களுக்கும் வீட்டில் உள்ள தாத்தா பாட்டிக்கும் தெரியும். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. பிள்ளை கேட்கும்போது, வேலை முடிந்து வந்த களைப்பிலும் கொஞ்சம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதைப் பிள்ளை பலகையில் வரையும். அந்தப் பக்கத்துப் பிள்ளை தன் பாட்டி சொன்னதைப் பக்கத்தில் வரையும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தச் செயற்றிட்டத்தின் உயிர். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இதற்காக எந்தப் பிள்ளையும் மழை நேரத்தில் சரிவுக்கோ ஆற்றோரத்துக்கோ போகக்கூடாது. பிள்ளைகளின் பலகை படிப்புக்கு உரியது, எச்சரிக்கைக்கு உரியது அல்ல. ஆபத்து என்று தோன்றினால் கிராம உத்தியோகத்தரிடமோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலோதான் கேட்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவே போதாதா என்று ஒரு தந்தை கேட்டார். குழுவில் காலையில் போட்டது மாலைக்குள் மேலே போய் மறைந்துவிடும். எது முதலில், எது எதற்குப் பதில் என்று தேடவே நேரம் போகும். பலகையில் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும். ஹட்டன் மழை வரைபடத்தின் இடது பக்கம், பண்டாரவளை மழை வலது பக்கம், நடுவில் மலை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருக்கும்.

ஸூம் வகுப்பு வைக்கலாமே என்றும் கேட்டார்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு மரத்தில் ஏறியும் மேட்டில் நின்றும் சிக்னல் தேடிய பிள்ளைகளை இந்த மலைநாடு மறக்கவில்லை. குறித்த நேரத்தில் சிக்னல் இல்லாத பிள்ளைக்கு அன்றைய பாடமே இல்லாமல் போனது. காணொளிக்கு டேட்டாவும் அதிகம். ஒரு மணி நேரத்துக்கு நூற்றுக்கணக்கான எம்பி போய்விடும். பலகையில் போவதெல்லாம் கோடு, பெட்டி, எழுத்து ஆகியவற்றின் விபரம் மட்டும்தான். படங்களை ஏற்றாதவரை டேட்டா மிகக் குறைவு. அதனால் படம் ஏற்ற வேண்டாம், கையால் வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். எல்லாரும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அப்பா போனோடு வீட்டுக்கு வரும் நேரம் ஆறு மணியோ எட்டு மணியோ, அந்த நேரத்தில் செய்தால் போதும். சிக்னல் விட்டுவிட்டால் எழுதியது வீணாகாமல் இருக்க, எதையும் முதலில் கொப்பியில் எழுதிவிட்டே பலகைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் விதி.

சென்ற தவணை தரம் 10 பிள்ளைகளோடு சிறிய அளவில் இதைச் செய்து பார்த்தோம். கணினி அறையில் உட்கார்ந்து, பத்து நிமிடம் யாரும் பேசாமல் தங்கள் தங்கள் பெட்டியில் எழுத வேண்டும், பிறகுதான் பேச்சு என்று வைத்தோம். வகுப்பில் குழு வேலை என்றால் நடப்பதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். சத்தமாகப் பேசும் இரண்டு பேர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பலகையிலோ, வகுப்பில் வாய் திறக்காத ஒரு மாணவி தன் லயத்துக்கு மேலே கான் அடைபட்டு நீர் வேறு பக்கம் திரும்பியதை அம்புக்குறியோடு வரைந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு மற்றக் குழுக்களும் தங்கள் கானைத் தேட ஆரம்பித்தன. அவளிடம் கேட்டு எழுதியவர்களில் அந்தச் சத்தக்காரர்களும் இருந்தார்கள். டீல், ஸ்ட்ரோப என்ற இரண்டு உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குக் காரணம் சொல்கிறது. கூடிப் பேசும் குழுவைவிட, அதே எண்ணிக்கையானவர்கள் தனித்தனியாக யோசித்தால் அதிகக் கருத்து வருகிறது. மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதே பெரிய தடை என்று அவர்கள் கண்டார்கள். நமது பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்போடு கூச்சமும் சேர்கிறது. முதலில் எழுத்து, அப்புறம் பேச்சு என்ற முறையை இந்தத் தவணையிலும் விடப்போவதில்லை.

பாதுகாப்பைப் பற்றி. பலகையில் வரைவது மற்றவர் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டே இணையத்தில் போகிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவி இணைப்பின் கடைசிப் பகுதியிலேயே இருக்கிறது. ஆகவே முழு இணைப்பும் யாரிடம் இருக்கிறதோ அவர் உள்ளே வரலாம், எழுதலாம், அழிக்கலாம். தயவுசெய்து அதை வேறு குழுக்களில் பகிர வேண்டாம், ஸ்டேட்டஸில் போட வேண்டாம். பிள்ளைகள் பலகையில் தங்கள் பெயரை எழுத மாட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு மரத்தின் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், யார் எந்த மரம் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். வீட்டு இலக்கம், போன் இலக்கம், முகப்படம் எதுவும் போடக்கூடாது. இந்தப் பலகையில் கெமராவோ ஒலிவாங்கியோ தேவையில்லை. அவற்றுக்கு அனுமதி கேட்டு ஏதாவது திரையில் வந்தால், பிள்ளை வேறு பக்கத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பிள்ளை அறையில் தனியாக இல்லாமல் நீங்கள் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்து செய்யட்டும். அரை மணி முடிந்ததும் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "டீச்சர் இன்னும் செய்யச் சொன்னார்" என்று சொன்னால் நம்ப வேண்டாம், நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஒவ்வொரு நாள் மாலையும் பொறுப்பாசிரியர் பலகையின் பிரதி ஒன்றைப் பாடசாலைக் கணினியில் சேமிப்பார். யாராவது தவறுதலாக அழித்தாலும் மீட்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. உலகம் முழுவதும் ஆசிரியர்கள் நம்பிப் பயன்படுத்திய கூகுளின் ஜாம்போர்ட் என்ற பலகை 2024 டிசம்பர் 31ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டது. இலவசமாகக் கிடைக்கும் எதையும் நம்பிப் பிள்ளைகளின் உழைப்பை முழுவதுமாக அங்கேயே விட்டுவைக்க நான் விரும்பவில்லை. தவணை முடிவில் பலகையைத் தாளில் அச்சிட்டுப் பாடசாலைச் சுவரில் ஒட்டுவோம்.

வீட்டில் போன் இல்லாத பிள்ளைகளைப் பற்றி நீண்ட நேரம் ஆசிரியர்களோடு பேசினேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பாடசாலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் கணினி அறை அவர்களுக்கு மட்டும் திறந்திருக்கும். அவர்களுக்கு முன்னுரிமை, போன் உள்ள பிள்ளைகள் அந்த நேரத்தில் வர வேண்டாம். இந்தச் செயற்றிட்டத்துக்காக யாரும் புதுப் போன் வாங்கக்கூடாது, கடன்பட்டு ரீலோட் போடவும் கூடாது. டேட்டா முடிந்துவிட்டது என்றால் பிள்ளை அதைச் சொன்னால் போதும், புள்ளி குறையாது. சாதாரண தரப் பரீட்சை பேனாவால்தான் எழுதப்படுகிறது என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. இறுதி அறிக்கையை ஒவ்வொரு பிள்ளையும் கையால் எழுதித்தான் தர வேண்டும்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் அம்மா, அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பலகையின் படம் ஒன்றைப் பெற்றோர் குழுவில் போடுவோம். உங்கள் பிள்ளை எந்த மரம் என்று பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று கேட்பதோடு, "நேற்று எத்தனை மில்லிமீற்றர்?" என்றும் கேளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் இந்தப் பலகையைப் பெரிய திரையில் திறந்து காட்டுவோம். நீங்களே விரலால் ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். வர முடியாதவர்கள் இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டு, போன் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும் என்றும் எழுதி, புதன்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை சேர வேண்டாம் என்று நினைத்தால் அதையும் எழுதலாம். அந்தப் பிள்ளைக்கு மழை அளக்கும் வேலையைத் தாளிலேயே தருவோம்.

இங்ஙனம்,
அதிபர்