தேதிச் சீட்டைப் புரட்டுங்கள்

ஆசிரியருக்கு,

நூலகத்தில் மறக்கப்பட்ட பழைய தமிழ் நாவல்களைத் தேடிப் படிக்க விரும்புவோருக்குச் சில வழிகள். டூயி முறையில் (பொருள்வாரியாக எண் கொடுத்து) அடுக்கும் நூலகங்களில் தமிழ்ப் புனைகதைக்கு எண் 894.8113. அந்த அலமாரியில் முதலில் பின்னட்டைக்குள் ஒட்டியுள்ள, இரவல் தேதியை முத்திரையிடும் தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்து, அப்புறம் பல வருடம் வெறுமையா? ஒருகாலத்தில் கைமாறிக்கொண்டே இருந்த புத்தகம் அது, படிக்க எடுத்துக்கொள்ளலாம்.

கணினிப் பட்டியலில் எழுத்தாளரின் ஒரே பெயர் வடிவத்தை நம்பக் கூடாது. கைத்தறி நெசவாளர் அவலத்தைச் சொல்லும் 'பஞ்சும் பசியும்' (1953) நாவலை ரகுநாதன், சிதம்பர ரகுநாதன், தொ.மு.சி. என மூன்று விதமாகவும் தேட வேண்டும். முதலெழுத்துப் புள்ளியோ இடைவெளியோ மாறினாலே 'இல்லை' என்று வந்துவிடும், புத்தகம் அலமாரியில் இருக்கும்போதே! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் 'ணை', 'றா' வடிவங்களே வேறு; அதனால் மின்வருடிய (ஸ்கேன் செய்த) பிரதிகளில் உள்ளே இருக்கும் சொற்களைத் தேடினால் தடுமாறும். தலைப்பை வைத்துத் தேடுங்கள்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி