இலை மஞ்சளிப்புக்கு யூரியா மட்டுமே மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலக்கடலை மஞ்சளித்தால் உடனே நைட்ரஜன் உரமான யூரியாவைத் தூவும் பழக்கம் இன்னும் போகவில்லை. எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசிய அணுவும், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்களும் உள்ளன. இவ்விரண்டில் எது குறைந்தாலும், செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். எனவே அடியிலைதான் முதலில் வெளிறும். இரும்பு பச்சையத்துக்குள் இல்லை. ஆனாலும் அது இல்லாமல் பச்சையம் உருவாகாது. இரும்பு இலைவிட்டு இலை நகரவும் நகராது. ஆகவே கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. அங்கே யூரியா மட்டும் போடுவது வீண்செலவு.

சுண்ணாம்பு மண்ணில் இதுதான் அதிகம். இரும்பு மண்ணில் இருக்கும், ஆனால் கரையாது. அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) மண்ணில் இட்டாலும் அதே கதிதான்; இலைவழியே கொடுப்பதே பலன் தரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம். அமிலத்தை முதலில் கரையுங்கள், இல்லையேல் உப்புத் தண்ணீரில் இரும்பு துருவாகப் படிந்துவிடும். அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும்; பழுப்பேறியதை வாங்காதீர்கள். மாலையில் தெளியுங்கள், உச்சிவெயிலில் இலை கருகும். 10 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும், ஏனெனில் புதிதாக வரும் கொழுந்துக்குப் பழைய தெளிப்பு போய்ச் சேராது.

தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளிக்கும்; வயலில் அப்படித் தேங்கியிருந்தால் முதலில் அதை வடியுங்கள்.

இப்படிக்கு,
வேளாண் வாசகர்