11 நாடுகள் ஆதரித்தும் தோற்ற தீர்மானம்

நியூயார்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

இத்தனை நாடுகள் ஒன்றுகூடியும் ஒரு போரை நிறுத்த முடியவில்லையே என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். என் அலுவலகம் ஐ.நா. தலைமையகத்துக்கு அருகில் இருப்பதாலும், செப்டம்பரில் உலகத் தலைவர்கள் வரும்போது சாலைகளை அடைத்துவிடுவதாலும், இந்தக் கேள்வி இங்கே எனக்கும் அன்றாடக் கேள்வியாகிவிட்டது.

போர், அமைதி பற்றி முடிவெடுக்கும் ஐ.நா. பாதுகாப்பு அவையில் 15 நாடுகள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவை நிரந்தர உறுப்பினர்கள். மற்ற 10 நாடுகளை, எல்லா உறுப்பு நாடுகளும் கூடும் பொதுச்சபை ஈராண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கிறது. தீர்மானம் நிறைவேற 9 வாக்குகள் போதும், ஆனால் அந்த ஐந்தில் ஒன்று எதிர்த்தாலும் அது தோற்றுவிடும். இந்தத் தடுப்பு உரிமைதான் வீட்டோ. 2022 பிப்ரவரி 25 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனைவிட்டு வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்தை 11 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை வாக்களிக்காமல் ஒதுங்கின. ரஷ்யா தன் வீட்டோவால் அதை வீழ்த்தியது. அம்மாதம் அவைக்குத் தலைமை வகித்ததும் ரஷ்யாதான். தகராறில் தொடர்புடைய நாடு வாக்களிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் அடிப்படைச் சட்டமான சாசனம் சொல்கிறது. ஆனால் அவ்விதி சமரச முயற்சிகளுக்கே பொருந்தும், கட்டாய நடவடிக்கைகளுக்குப் பொருந்தாது. இதைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

ஆயினும் ஒரு வழி திறந்தே இருந்தது. நடைமுறை தொடர்பான வாக்கெடுப்பில் வீட்டோ செல்லாது. ஆகவே இரண்டே நாளில், பாதுகாப்பு அவை முடங்கினால் பொதுச்சபை விவகாரத்தைக் கையில் எடுக்கலாம் என்ற 1950-ஆம் ஆண்டின் ஏற்பாட்டைப் பின்பற்றி, விவகாரம் பொதுச்சபையின் அவசரக் கூட்டத்துக்குச் சென்றது. மார்ச் 2-இல் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன, 5 எதிர்த்தன, இந்தியா உட்பட 35 ஒதுங்கின. பொதுச்சபையால் எந்த நாட்டையும் கட்டாயப்படுத்த இயலாது என்றாலும், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது பதிவாகிவிடுகிறது. யாராவது வீட்டோவைப் பயன்படுத்தினால் 10 வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. அதை முன்னின்று கொண்டுவந்தது லீக்டன்ஸ்டைன் என்ற சின்னஞ்சிறு நாடு.

இந்தியாவுக்கு நிரந்தர இடம் கிடைத்தால் எல்லாம் மாறும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். 1945-இல் சான்பிரான்சிஸ்கோவில் நம் ஆற்காடு இராமசாமி முதலியார் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்ட அச்சாசனத்தைத் திருத்த, மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு அந்த ஐந்து நாடுகளும் ஒப்புதல் தர வேண்டும். இடம் கிடைப்பதை நானும் விரும்புகிறேன். ஆனால் வீட்டோ உள்ளவர் ஐவர் அறுவராவதைவிட, பெருங்கொலைகள் நடக்கும்போது அதைப் பயன்படுத்துவதில்லை என்று அந்த ஐவரும் ஒப்புக்கொள்வதே அவசரம் என்று கருதுகிறேன். பிரான்ஸ் இதை முன்மொழிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் எண்ணத்தை விரிவாக எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்